ஒளிந்துகொள்ள ஓர் இடம்



இந்த மாதம் எலிகளுக்கு வீடு கட்டுவது பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள்! "அரிசி மூட்டையை அறுக்கிற எலிக்கு மருந்து வைக்கவே நேரமில்லை, இவ வீடு கட்டச் சொல்லித் தாறாவாம்" என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. நான் சொல்லப் போவது வயல் எலியைப் பற்றியோ கூரையில் ஓடும் எலியைப் பற்றியோ அல்ல. பிள்ளைகள் ஆசையாக வளர்க்கும் வெள்ளெலிகளைப் பற்றி. அவற்றோடு சேர்த்து, ஐந்து மாதங்களாக என்னோடு வாய் திறந்து கதைக்காத ஒரு தாயைப் பற்றியும்.

பதுளையிலிருந்து பசறைப் பக்கமாகப் போகும் வழியில் ஒரு தோட்டம். அங்கே ஒரு பழைய லயத்தின் கடைசிக் காம்பராவில் அந்தத் தங்கச்சியும் எட்டு வயது மகனும் மாமியாரும் இருந்தார்கள். கணவருக்குக் கொழும்பில் வேலை. அவளுடைய தாத்தா பாட்டி மலையகத்தவர்கள்தான். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறிய எத்தனையோ குடும்பங்களில் ஒன்று அது. இவள் பிறந்து வளர்ந்தது கிளிநொச்சிப் பக்கம். 2009இல் அவளுக்கு வயது பதினைந்து. தகப்பனையும் தம்பியையும் இழந்து, தாயோடு செட்டிகுளம் மனிக் பாம் முகாமில் இருந்து, அடுத்த வருடம் பதுளையில் உள்ள உறவுக்காரரிடம் வந்து சேர்ந்தாள். தாத்தா விட்டுப்போன அதே மலைக்குப் பேத்தி திரும்பி வந்தாள். ஆனால் இங்கே அவளை "வன்னிப் புள்ள" என்றார்கள். அங்கே இருந்தபோது "தோட்டக்காட்டார்" என்றார்களாம்.

2023ஆம் ஆண்டு நான் அந்தக் குடும்பத்தைப் பார்க்கப் போகத் தொடங்கினேன். போகும்போதெல்லாம் என் கையில் ஒரு படிவம் இருக்கும். "நித்திரை வருகிறதா? பயக் கனவு வருகிறதா?" என்று கேட்பேன். "இல்லை மிஸ்", "ஒண்டுமில்லை மிஸ்" என்பாள். தேநீர் தருவாள். அவ்வளவுதான். ஆனால் கதவின் பின்னால் ஒரு பை தொங்குவதைக் கண்டிருந்தேன். அதற்குள் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைப் பிரதிகள், ஒரு தீப்பெட்டி, மகனின் உடுப்பு இரண்டு. எந்த நேரமும் தூக்கிக்கொண்டு ஓடத் தயாரான பை. சமூகவியல் படித்த என் புத்தி உடனே குறித்துக்கொண்டது: "போரின் பாதிப்பு இன்னும் நீங்கவில்லை." அந்த வரியை எழுதியதில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அந்த வருடம் தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த சித்தப்பா, ஒரு சின்னக் கூட்டில் இரண்டு வெள்ளெலிகளை வாங்கி வந்து மகனிடம் கொடுத்துவிட்டார். மாமியாருக்கு வந்ததே கோபம்! "எலிய வீட்டுக்குள்ள வச்சு சோறு போடுற காலமும் வந்துருச்சு. புள்ளையாரு வாகனமாச்சேன்னு சும்மா வுடுறேன்" என்றார். மகனோ அந்தக் கூட்டை விட்டு அகலவில்லை. பாடசாலையில் பிள்ளைகளின் ஆக்கங்களைக் காட்சிக்கு வைக்கவிருந்தார்கள். "மிஸ், இதுங்களுக்கு ஒரு சூப்பர் வீடு கட்டித் தாங்க மிஸ்" என்றான்.

எனக்கும் ஆர்வம் வந்துவிட்டது. பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, ரெஜிபோம், அட்டை, வர்ணம் எல்லாம் கொண்டுபோனேன். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைச் செய்வோம் என்று முடிவு செய்தோம். 1921இல் இரும்பு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டி முடித்த, முந்நூறு அடி நீளப் பாலம். நம் மாவட்டத்தின் பெருமை அல்லவா? ஒரு ஞாயிறு முழுவதும் வெட்டி ஒட்டி வர்ணம் பூசினோம். ஒன்பது வளைவுகள், மேலே ஒரு நீல ரயில், கீழே பச்சைத் தேயிலை. கைத்தொலைபேசியில் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் போனபோது மகன் அழுதுகொண்டிருந்தான். "அதுங்களுக்குப் பாலம் புடிக்கல மிஸ்." பார்த்தேன். எலிகள் இரண்டும் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒடுங்கிக் கிடந்தன. தீனி அப்படியே இருந்தது. ரெஜிபோமை மட்டும் கடித்துத் துகளாக்கியிருந்தன. எனக்குக் காரணம் புரியவில்லை. குளிராக இருக்குமோ என்றேன். நோயாக இருக்குமோ என்றேன்.

அடுப்படியில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்த அந்தத் தங்கச்சி, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"மிஸ், அதுகளுக்கு ஒளியிறதுக்கு இடமில்லை. நாலு பக்கமும் வெளிச்சமாக் கிடக்கு. மேலால கை வருது. எங்க போய் இருக்கிறது?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பங்கர் மாதிரி ஒண்டு வேணும். ரெண்டு வாசல் வைக்கோணும். ஒரு வாசல் எண்டா உள்ளுக்கேயே சமாதிதான்" என்றாள்.

"பங்கர்னா என்னம்மா?" என்று மகன் கேட்டான்.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஐந்து மாதமாக நான் கேட்டுக் கிடைக்காத சொல் அது. அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் அமர்ந்தாள். "மண்ணுக்குள்ள தோண்டின அறை. நானும் அம்மாச்சியும் அதுக்குள்ள இருந்தனாங்கள். மேல பனங்குற்றி அடுக்கி மண் மூட்டை வைப்பம். சத்தம் கேட்டா உள்ளுக்க போவம். நிண்டா வெளிய வந்து சமைப்பம்" என்றாள். அவ்வளவுதான். மகன் வேறொன்றும் கேட்கவில்லை. சற்று யோசித்துவிட்டுத் துள்ளினான்: "அப்ப தெமோதர ஸ்டேஷன் மாதிரி செய்வோம்மா! மேல ஸ்டேஷன், கீழ டனல்!"

தெமோதரையை அறியாத சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. மலையிறக்கம் அதிகமான அந்த இடத்தில் புகையிரதப் பாதை ஒரு பெரிய வட்டமாக வளைந்து இறங்கி, தான் கடந்து வந்த தெமோதரை நிலையத்துக்கே அடியால் ஒரு சுரங்கத்தினூடாகப் போகிறது. அங்கிருந்து பதுளைக்கு இறங்கும். 1924இல் பதுளைக்கு ரயில் வந்தது இந்த வழியால்தான். தகப்பனோடு ரயிலில் வந்த ஒவ்வொரு முறையும் அந்த மகன் அதைப் பார்த்து வியந்திருக்கிறான்.

இரண்டாம் வீட்டை அவர்கள் இருவருமே கட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலத்தைப் பிய்த்து எறிந்தோம். பெட்டியின் அடியில் ஒரு சாணுக்குக் கிட்டக் கிழித்த வெள்ளைத் தாளும் காய்ந்த புல்லும் நிரப்பினார்கள். அதற்குள் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து இரு பக்கமும் வாசல் வைத்து, கடதாசிச் சுருளின் நடுக்குழாய்களைச் சுரங்கமாகப் பொருத்தினார்கள். அதற்கு மேலே பலகைத் துண்டினால் ஒரு தட்டு. அதுதான் ஸ்டேஷன். பெயர்ப் பலகையைப் பெட்டிக்கு வெளியே ஒட்டினார்கள், எலி கடிக்காத இடத்தில். ஏறி இறங்க ஒரு மரக்கொப்பு. பெட்டியின் மூன்று பக்கத்துக்கும் வெளியே கடதாசி ஒட்டி வெளிச்சத்தை மறைத்தாள் அந்தத் தாய்.

அன்று இரவே எலிகள் சுரங்கத்துக்குள் போய்த் தாளைக் கிழித்துக் கூடு கட்டிவிட்டனவாம். மூன்றாம் நாள் மாலை நான் போனபோது ஒன்று ஸ்டேஷனில் ஏறி நின்று மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது! ஒரு வாரத்தில் மகனின் கையில் ஏறித் தானியம் வாங்கித் தின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒளிய இடம் கொடுத்தால் அவை ஒளிந்தே கிடக்கும் என்று நான் நினைத்திருந்தேன். நடந்ததோ நேர்மாறு. ஓடிப்போக ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவை வெளியே வரத் துணிந்தன. எலி என்பது பூனைக்கும் பாம்புக்கும் ஆந்தைக்கும் இரையாகும் பிராணி. வெட்டவெளி அதற்கு மரணம். இருட்டும் இடுக்கும்தான் அதன் நிம்மதி. அழகான பாலம் எனக்கு வேண்டியிருந்தது. அவற்றுக்கு வேண்டியிருந்தது ஒரு பொந்து.

கதவின் பின்னால் தொங்கிய அந்தப் பையையும் நான் அப்படித்தான் பிழையாகப் பார்த்திருக்கிறேன். பை இருப்பதால்தான் அவள் காலையில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறாள், இரவில் கண் மூடுகிறாள். அதை எடுத்துவிடச் சொல்ல நான் யார்? மண்சரிவு அபாயம் உள்ள நம் மலைகளில் அது புத்தியான காரியமும் கூட. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியுமா?

பிள்ளைகள் சிறு உலகங்களைக் கட்டுவது வெறும் விளையாட்டு அல்ல என்பதை அறிந்தவர்கள் பலர். முதலாம் உலகப் போருக்குப் பின் போலந்தில் நிவாரணப் பணி செய்த மார்கரெட் லோவன்பெல்ட் என்ற வைத்தியர், 1920களின் இறுதியில் லண்டனில் பிள்ளைகளுக்காக ஒரு நிலையம் நடத்தினார். மணல் தட்டு ஒன்றையும் சின்னச் சின்ன வீடு, மனிதர், மிருகப் பொம்மைகளையும் கொடுத்து விட்டுவிடுவார். பிள்ளைகள் தாம் கட்டியதை "உலகம்" என்றார்கள். அவரும் அதற்கு அந்தப் பெயரையே வைத்தார். நம் நாட்டில் 1996இல் மட்டக்களப்பில் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாகக் கூடி வரைந்தார்கள், கதை சொன்னார்கள், செடி வளர்த்தார்கள், பிராணிகளோடு பழகினார்கள். இரண்டு இடத்திலும் பெரியவர்களின் முக்கிய வேலை, குறுக்கே விழாமல் கூட இருப்பதுதான்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் பிள்ளை எதைக் கட்டினாலும் "ஏன் இப்படிக் கட்டினாய்?" என்று துருவாதீர்கள். பங்கர் கட்டினால் பதறாதீர்கள். பக்கத்தில் இருங்கள். கேட்டால் மட்டும், பிள்ளையின் வயதுக்குத் தக்க அளவு, உண்மையைச் சொல்லுங்கள். அந்தத் தாய் சொன்னது ஐந்தே வசனம். அது அந்த மகனுக்குப் போதுமாக இருந்தது.

இனி, வீட்டில் வெள்ளெலி வளர்க்கப் பிள்ளை ஆசைப்பட்டால் கவனிக்க வேண்டியவை:

1. காட்டு எலி, வயல் எலி, வீட்டுக் கூரை எலி ஆகியவற்றின் குஞ்சைப் பிடித்து ஒருபோதும் வளர்க்க வேண்டாம். எலிக்காய்ச்சல் நம் நாட்டில் உயிர் குடிக்கும் நோய். 2008இல் மட்டும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அது இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. கடையில் வாங்கிய வெள்ளெலியின் பெட்டியையும் தீனியையும் வெளி எலி தொடாதபடி மூடி வையுங்கள். தொட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். சமைக்கும் இடத்தில் பெட்டியை வைக்க வேண்டாம். யாருக்காவது கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். வீட்டில் எலி உண்டு என்றும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

2. தனி எலி வாடிப்போகும். இரண்டு பெண் எலிகள் ஒற்றுமையாக இருக்கும். இரண்டு ஆண் எலிகள் சண்டை பிடிக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் மூன்று வாரத்தில் ஒரு கூட்டம் குஞ்சுகள்! வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள். சந்தேகம் என்றால் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

3. பெட்டி உயரத்தைவிட நீள அகலம் கூடியதாக இருக்கட்டும். மூடியில் கால் அங்குலத்திலும் சிறிய கண்ணுள்ள கம்பி வலை போடுங்கள். சுண்டுவிரல் போகும் ஓட்டையால் இளம் எலி போய்விடும். நேரடி வெயில் வேண்டாம். கண்ணாடி, பிளாஸ்டிக் பெட்டிகள் வெயிலில் அடுப்பாகிவிடும். குளிர்காற்று அடிக்கும் வாசலும் வேண்டாம்.

4. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளரும். எதையும் கடிக்கும். எனவே ரெஜிபோம், வர்ணம், இரசாயனப் பசை உள்ளே கூடாது. ஒட்ட வேண்டுமென்றால் கோதுமை மாக் கூழ் போதும். பைனஸ் மரத்தூளின் வாசம் அவற்றின் சுவாசத்துக்கு ஆகாது. வெள்ளைத் தாளும் காய்ந்த புல்லும் நல்லவை. கூடு கட்டத் தாராளமாகக் கொடுத்தால் மலைக் குளிரையும் தாங்கும்.

5. நாளொன்றுக்கு ஓர் எலிக்கு ஒரு தேக்கரண்டித் தானியமும் சிறு துண்டு மரக்கறியும் போதும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

6. எந்த அலங்காரமும் இவற்றுக்குப் பிறகுதான். கோயில் கோபுரமோ கப்பலோ தேயிலைத் தொழிற்சாலையோ, பிள்ளையின் மனம்போல் எதையும் கட்டலாம். முதலில் இரண்டு வாசல் உள்ள ஒளிவிடம் எங்கே என்று தீர்மானியுங்கள். பலமுள்ள எலி ஒரு வாசலை மறித்தால் மற்றது அடுத்த வாசலால் தப்ப வேண்டும். அந்தத் தங்கச்சி எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் சொன்னது சரியாகவே இருந்தது.

சுத்தம் செய்வதிலும் ஒரு விஷயம் உண்டு. வாரம் ஒருமுறை அழுக்குப் படுக்கையை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மூத்திர நெடி எலியின் நெஞ்சைக் கெடுக்கும். ஆனால் முழுவதையும் ஒரேயடியாக எறிந்துவிடக் கூடாது. எலிக்குக் கண் பார்வை மட்டு, உலகம் எல்லாம் வாசம்தான். பழைய கூட்டில் ஒரு கைப்பிடியைப் புதிய வீட்டுக்குள் வைத்தால்தான் அது தன் வீடென்று அறியும், சண்டையும் குறையும்.

இதை நான் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தத் தங்கச்சி சொன்னாள்: "எங்கட அம்மா அப்பான்ர சாரம் ஒண்டை மனிக் பாமில தோய்க்காமலே வச்சிருந்தவ. ஊத்தையா இருக்கு, தாங்கோ தோய்ப்பம் எண்டு நான் சண்டை பிடிச்சனான். இப்பத்தான் விளங்குது." சொல்லிவிட்டு அழுதாள். மாமியார் எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல், மருமகளின் தலையைத் தன் தோளோடு சாய்த்துக்கொண்டார். மகன் எலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு இஸ்தோப்புக்குப் போனான். நான் படிவத்தைப் பைக்குள் வைத்தேன்.

அதன் பிறகு அவள் மெல்ல மெல்லக் கதைத்தாள். எல்லாவற்றையும் அல்ல. சொல்ல விரும்பியதை, விரும்பிய நாளில். பிள்ளை மடுவத்தில் மாதம் ஒருமுறை நாங்கள் கூடும் பெண்கள் குழுவுக்கும் வரத் தொடங்கினாள். முதல் மூன்று கூட்டத்திலும் வாசல் பக்கமாகவே அமர்ந்தாள். முன்னுக்கு வரச் சொல்லி நான் கூப்பிடவில்லை. நாலாம் கூட்டத்தில் தானாகவே பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு நடுவில் வந்து அமர்ந்தாள்.

வெள்ளெலியின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு வருடம்தான். பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த இரண்டில் ஒன்று முதலில் போனது, மற்றது 2025இல் போனது. லயத்துக் கோடியில், கறிவேப்பிலை மரத்தடியில் அந்த மகன் குழி தோண்டினான். தாய் பக்கத்தில் நின்றாள். 2009இல் தன் தகப்பனுக்கும் தம்பிக்கும் ஒரு குழி தோண்டக்கூட அவகாசம் கிடைக்காதவள், அன்று மகனுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாளாம்: "ஆழமாத் தோண்டு மகன். பூப் போடு. இப்ப கும்பிடு."

இதைக் கேட்டு நான் வெகு நேரம் மௌனமாக இருந்தேன்.

எல்லா வீட்டுக்கும் வெள்ளெலி தேவையில்லை. ஒரு கோழிக்குஞ்சோ பூஞ்செடியோ போதும். ஆனால் எல்லோருக்கும், பிள்ளைக்கும் தாய்க்கும், ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அது கடினம்தான். ஒரு சேலைத் திரைக்குப் பின்னால் ஒரு மூலை, தோட்டத்தில் ஒரு மரத்தடி, அடுத்த வீட்டு அக்காவின் அடுப்படி, ஏதோ ஒன்று. உங்கள் பிள்ளைக்கு அப்படி ஓர் இடம் இருந்தால் அதைக் கலைக்காதீர்கள். உங்களுக்கு இருந்தால், அதற்காக வெட்கப்படாதீர்கள். வெளியே வரும் நாளை நீங்களே அறிவீர்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.